காக்காக் கடிக்கு நீட்டிய உள்ளங்கை

“மிஸ் ‘ஏன்’னு கேட்டா எப்பப் பதில் சொல்லணும், எப்பச் சும்மா இருக்கணும்?” என் மகள் சௌம்யா இதைக் கேட்டு எட்டு மாதமாகிறது. கோயமுத்தூர்ப் பள்ளி ஒன்றில் அவள் இரண்டாம் வகுப்புச் சேர்ந்த முதல் வாரம் அது. நோட்டுக்கு அட்டை போடாமல் வந்த இரண்டு பிள்ளைகளை மிஸ் எழுந்து நிற்கச் சொல்லி, “ஏன் அட்டை போடலை?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவள் மிஸ்ஸின் கண்ணைப் பார்த்து, “கடையில பிரவுன் பேப்பர் தீர்ந்துபோச்சு. அம்மா நாளைக்கு வாங்குவாங்க. இது என்னோட தப்பு இல்லை” என்றிருக்கிறாள். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. குனிந்தவளை உட்காரச் சொன்ன மிஸ், இவளை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். “பதில் வேண்டாம்னா எதுக்குக் கேக்கறாங்க?” என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். நான் மாவு பிசைந்துகொண்டே, “பெரியவங்க கோபமா இருக்கறப்பக் கேட்டா அது கேள்வி இல்லை கண்ணு” என்றேன். “கோபமா இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? அவங்க எப்பவுமே சத்தமாத்தான் பேசறாங்க.” நான் மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அன்று சப்பாத்தி சரியாக வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் என்னைப் போல வெளிநாடு போனவர்கள். குழந்தை பெரிதாவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் கருமத்தம்பட்டிக்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் விவசாயக் காடு, எட்டு விசைத்தறி. கோயமுத்தூரில் மனையியல் படித்தேன். குழந்தை வளர்ச்சி அதில் ஒரு பாடம், அதில்தான் எனக்கு நல்ல மதிப்பெண். என் கணவர் நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்தும் பொறியாளர். தொண்ணூற்று ஒன்றில் அவருடைய வேலை எங்களை ஜெர்மனியின் தெற்கே ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோனபோது சௌம்யாவுக்கு இரண்டு வயது. ஐந்து ஆண்டு இருந்தோம். பிள்ளை தமிழ் பேசி, நம் மனிதர்களோடு வளரட்டும் என்று சென்ற மே மாதம் நானும் அவளும் முன்னால் வந்து பீளமேட்டில் வீடு பிடித்தோம். ஒப்பந்தம் முடிந்து அவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. இப்போது ஒப்பந்தத்தை மூன்று ஆண்டு நீட்டித்துவிட்டார்கள். இங்கேயே இருப்பதா, திரும்பிப் போவதா என்று மார்ச்சுக்குள் சொல்ல வேண்டும். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. “நீ குழந்தையோட இருக்கற, உனக்குத்தான் தெரியும்” என்கிறார். எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

ஜெர்மனியில் கிண்டர்கார்டனில் சேர்த்த புதிதில் ஒருநாள் ஹெல்கா என்ற ஆசிரியை என்னை உட்காரவைத்துப் பேசினாள். ஒரு பையன் தினமும் சௌம்யாவின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்குகிறான், இவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்றாள். நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். பொறுமையான பிள்ளை என்று பாராட்டுகிறாள் என நினைத்து, “நன்றி” என்று வேறு சொல்லிவிட்டேன். ஹெல்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். “உங்கள் மகளுக்கு மறுக்கத் தெரியவில்லை. இது நல்லதல்ல. நீங்கள் வீட்டில் பழக்க வேண்டும்” என்றாள். கையை நீட்டி உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நிறுத்தி, உரத்த குரலில் “ஷ்டோப்! இஷ் மாக் டஸ் நிஷ்ட்” என்று சொல்லிக் காட்டினாள். நிறுத்து, எனக்கு இது பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பாடம். ஒருவர் கையை உயர்த்திவிட்டால் மற்றவர் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்பது அதன் இரண்டாவது பாதி. சொன்னதைச் செய்து பழகியவள் நான். குளியலறைக் கண்ணாடி முன் ஸ்டூல் போட்டு அவளை நிற்கவைத்து, தினமும் பத்துத் தடவை பயிற்சி கொடுத்தேன். அவள் நான்காம் நாளே கற்றுக்கொண்டாள். கூடவே சொல்லிச் சொல்லிப் பார்த்த எனக்குத்தான் குரல் எழும்பவே இல்லை. பிறந்ததிலிருந்து யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

இந்தப் பள்ளியில் சௌம்யாவுக்கு முதலில் கிடைத்த தோழி கோமதி. அட்டை போடாமல் வந்து தலைகுனிந்து நின்ற பெண் அவள்தான். பக்கத்து இருக்கை. இவளுடைய தமிழில் இருந்த வெள்ளைக்காரத் தொனியைக் கேட்டுச் சிரிப்பாள். “அப்படிச் சொல்லாதடி, இப்படிச் சொல்லோணும்” என்று திருத்துவாள். சாப்பாட்டு மணி அடித்தால் இருவரும் குழாயடிக்கு அருகிலுள்ள படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் கோமதி சொன்னாள், கோமதி செய்தாள் என்றே பேச்சு. பிள்ளைக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நான் ஜெர்மனிக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு பக்கம் கோமதிதான்.

ஆகஸ்டில் ஒரு நாள். கோமதியிடம் ஒரே ஒரு கடலை மிட்டாய் இருந்தது. அதைச் சட்டை நுனியால் மூடி, துணியோடு சேர்த்துக் கடித்து, எச்சில் படாமல் பாதியாக்கி இவள் வாயருகே நீட்டியிருக்கிறாள். காக்காக் கடி. நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய நட்பு மரியாதை கிடையாது. சௌம்யா கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கோமதியின் முகத்துக்கு நேரே நிறுத்தி, “ஸ்டாப்! எனக்கு இது பிடிக்கலை” என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டாள். அன்று மாலை இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் குற்ற உணர்வே இல்லை, குழப்பம் மட்டும் இருந்தது. “நான் சரியாத்தானே சொன்னேன்? அவ ஏன் அழுதா? அப்புறம் இப்படிச் சுண்டுவிரலைக் காட்டினா. நான் அதைப் பிடிச்சுக் குலுக்கினேன். அதுக்கும் கோபம்.” கோமதி ‘காய்’ விட்டிருக்கிறாள். இனி உன்னோடு பேச்சில்லை என்று அறிவிக்கும் விரலைப் பிடித்து என் மகள் கைகுலுக்கியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வேறொன்று நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுபோனது.

மூன்றாம் வகுப்பில் என்னோடு சரசு என்ற பெண் படித்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் காட்டு வேலைக்கு வருபவர்கள். கொடுக்காப்புளி கொண்டுவந்து காக்காக் கடி கடித்து எனக்கு நீட்டுவாள். நான் வாங்கமாட்டேன். என் அம்மா சொல்லிக்கொடுத்திருந்த விதம் அப்படி. “மூஞ்சி கோணாம, பசிக்கலை கண்ணு, நீயே தின்னுன்னு சொல்லிப்போடு.” நானும் சிரித்த முகத்தோடு அதையே சொல்வேன். சரசு நாலைந்து தடவை நீட்டினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். சண்டை இல்லை, காய் இல்லை, அழுகை இல்லை. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் தள்ளிவைக்க எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. கொங்குப் பேச்சின் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழும்போதெல்லாம் எனக்குச் சரசுவின் கை ஞாபகம் வரும். என் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. எச்சில் வேண்டாம் என்று மட்டும்தான் அவள் சொன்னாள். ஆனால் கோமதிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்க மறுப்பதற்கு இந்த ஊரில் இருக்கும் பழைய அர்த்தம், ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்குள் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருந்ததே.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கோமதியின் அம்மாவைத் தேடிப் பிடித்தேன். தனலட்சுமி என்று பெயர். தொலைபேசி நிலையத்தில் வேலை, காரமடைப் பக்கத்து ஊர். “ஏனுங்க, நேத்து எம்பட பொண்ணு தெரியாமப் பண்ணிப்போட்டா. மனசுல வெச்சுக்காதீங்க” என்று ஆரம்பித்தேன். “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சின்னப் பிள்ளைங்க, இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கூடிக்குவாங்க” என்று சிரித்தார். பிறகு, “உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?” என்றார். சொன்னேன். “அங்க யாரு ஊடுங்க?” அப்பா பெயரைச் சொன்னேன். நம் பக்கத்தில் இந்த இரண்டு கேள்விகளிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் பதறிப்போய், ஞாயிற்றுக்கிழமை கோமதியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று வற்புறுத்தினேன். “ஆகட்டுங்க, வாரேனுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே சௌம்யா வாசலில் நின்றாள். பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். பத்தரைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர்கள் வரப்போவதில்லை என்று. அந்த “வாரேனுங்க” பேச்சை முடித்துவைக்கச் சொன்னது. சௌம்யாவிடம் அதை எப்படி விளக்குவது? “வாரேன்னு சொன்னாங்கல்ல? அப்ப வருவாங்க” என்று மதியம்வரை வாசலை விட்டு நகரவில்லை. ஜெர்மனியில் லேனா என்ற சிறுமியின் பிறந்தநாளுக்குச் சௌம்யாவுக்கு அழைப்பு வந்தபோது, நம் வழக்கப்படி நாங்கள் மூவரும் புறப்பட்டு, ஊரிலிருந்து வந்திருந்த கணவரின் நண்பரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். லேனாவின் அம்மா கதவைத் திறந்தபடியே, “நான் சௌம்யாவை மட்டும்தான் அழைத்தேன். மற்றவர்களுக்கு இடம் இல்லை. ஆறு மணிக்கு வந்து அழைத்துப் போங்கள்” என்றாள். வழியெல்லாம் அழுதேன். இனி அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று இருந்தேன். ஆனால் மறுவாரம் அவள் ஒன்றுமே நடக்காததுபோல என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை பேசிக்கொண்டு வந்தாள். அவள் மனதில் மிச்சமே இல்லை. எல்லாவற்றையும் வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டாளே. அந்த ஊரில் எனக்கு அவமானமாக இருந்தது. இந்த ஊரில், ஆறிப்போன பணியாரத்துக்கு முன்னால், லேனாவின் அம்மா மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

சரி, இந்த ஊர் வழியிலேயே சரிசெய்வோம் என்று மறுபடி பயிற்சி தொடங்கினேன். இந்த முறை கண்ணாடி இல்லை, சமையலறை. கைக்குட்டைக்குள் கடலை மிட்டாயை வைத்துக் கடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி ‘பழம்’ விடுவது எப்படி என்று காட்டினேன். காய் விட்டவரோடு பழம் விட்டால் பேச்சு திரும்பிவிடும், இது நம் பிள்ளைகளின் சட்டம் என்றேன். அவள் கவனமாகக் கற்றுக்கொண்டாள். என் மகளை இப்படி இரண்டாவது தடவை தயார்செய்கிறேனே, மற்றப் பிள்ளைகள் தெருவில் விளையாடித் தாமாகக் கற்பதையெல்லாம் இவளுக்கு நான் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேனே என்று அப்போதே அலுப்பாக இருந்தது.

மறுநாள் அவள் காக்காக் கடி கடித்துக் கோமதியிடம் நீட்டியிருக்கிறாள். கோமதி கையை உயர்த்தி, உள்ளங்கையை இவள் முகத்துக்கு நேரே நிறுத்தி, “ஸ்டாப், எனக்கு இது பிடிக்கலை” என்றிருக்கிறாள். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்களாம். அது பழிக்குப் பழி என்று எனக்குப் புரிந்தது. சௌம்யாவோ முகமலர்ச்சியோடு வந்தாள். “கோமதி என்கிட்டப் பேசிட்டா! பிடிக்கலைன்னு தெளிவாச் சொல்லிட்டா!” என்றாள். ஹெல்காவின் பள்ளியில் அது நல்ல சேதி. நான் அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனேன்.

அதன் பிறகு எல்லாம் மெல்ல அடங்கியது. நானாவது அப்படித்தான் நம்பினேன். மிஸ் கேட்டால் தலைகுனியக் கற்றுக்கொண்டாள். பேச்சில் ‘ங்க’ வந்தது. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால், “நல்லாருக்குதுங்கம்மா” என்பாள். கோமதி எப்படி என்றால், “நல்லாருக்கறாங்கம்மா.” கருமத்தம்பட்டிக்குப் போனபோது வந்திருந்த சொந்தக்காரர்கள், “இப்பத்தானுங்க அம்மணி நம்ம பிள்ளையாட்டம் ஆயிருக்குது, வந்த புதுசுல என்னமோ வக்கீலாட்டம் பேசிட்டிருந்துச்சு” என்று சிரித்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் மிஸ், “இப்ப ரொம்ப நல்ல பொண்ணுங்க. கிளாஸ்ல இருக்கற எடமே தெரியறதில்லை” என்றார். நான் பெருமையோடு வெளியே வந்தேன். மூன்றாம் வகுப்புக்கான படிவத்தை அன்றே வாங்கிப் பாதி நிரப்பியும் விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை வழக்கம்போல ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். நான் பேசி முடித்துவிட்டு ரிசீவரை அவளிடம் கொடுத்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. அவர் என்ன கேட்டாரோ, “நல்லாருக்குதுங்கப்பா. எல்லாரும் நல்லாருக்கறாங்கப்பா” என்று தமிழில் சொன்னாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி ஜெர்மனில் பேச ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத வேகம். சாப்பாட்டு வேளையில் படியில் தனியாகத்தான் உட்கார்வதாகச் சொன்னாள். யாரும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் என்ன தப்பு என்று யாரும் சொல்வதில்லை என்றாள். அவர் கோமதியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். “அவள் நிறுத்தச் சொன்னாள் அப்பா. அதனால் நான் மறுபடி கேட்கவில்லை. கேட்கக் கூடாது இல்லையா? அவளாக வரும்வரை காத்திருக்கிறேன்.” கடைசியாகச் சொன்னாள்: “அம்மாவிடம் சொல்லாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.”

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா நல்லாருக்கறாங்களாமுங்கம்மா. நானும் எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்” என்றாள். “அப்படியா கண்ணு” என்றேன். எனக்கு ஜெர்மன் புரியும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குக் கேட்டிருக்காது என்றே நினைத்தாள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். இருவரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல், மிகுந்த மரியாதையோடு வீடுவரை நடந்து வந்தோம்.

ஆறு மாதம். ஒரு விதியை மதித்து என் குழந்தை ஆறு மாதமாகத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் கோமதி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. நம் ஊரில் ‘வேண்டாம்’ என்றால் அதோடு யாரும் விட்டுவிடுவதில்லை. சோறு போடும்போது இலையை மறைத்த கையை விலக்கித்தான் போடுகிறோம். கோபித்தவரை இரண்டாம் முறை, மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் கூப்பிட்டதாகவே கணக்கு. கோமதி வெறுமனே பதிலுக்குப் பதில் செய்துவிட்டு, இவள் இன்னொரு தடவை வந்து கெஞ்சட்டும் என்று இன்றுவரை காத்திருக்கலாம். அல்லது அவளுடைய அம்மா வீட்டில், அந்தப் பிள்ளையோடு சேர வேண்டாம், சிரித்துக்கொண்டே விலகிவிடு என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். என் அம்மா எனக்குச் சொன்னதுபோல. அப்படியிருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது மேசை மேல் பாதி நிரப்பிய படிவம் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு கணவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஜெர்மனியா கோயமுத்தூரா என்பதை நான் உங்களிடம் கேட்கவில்லை. அது எங்கள் பாடு. நான் கேட்பது நாளைக் காலை பற்றி. சௌம்யாவை உட்காரவைத்து, “கண்ணு, இங்க ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா நிஜமா வேண்டாம்னு அர்த்தமில்லை. நீ மறுபடியும் போய்க் கேளு” என்று சொல்லலாமா? சொன்னால் அவளுக்கு ஒரு தோழி திரும்பக் கிடைக்கலாம். ஆனால் நாளைக்கு அவள் வளர்ந்து, அவளே யாரிடமாவது ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டி வரும்போது, அதை மற்றவர்கள் நிஜமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே ஸ்டூல் போட்டு நிறுத்தி அவ்வளவு பாடுபட்டேன்? ஒரு பெண் குழந்தைக்கு இந்த இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? உங்களில் யாராவது பிள்ளைகளோடு இப்படித் திரும்பி வந்திருந்தால், நீங்கள் எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள், அது என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.